180 நாள்

26 டிசம்பர் 2023, செவ்வாய்

வேலையில்லாப் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் மாத உதவித்தொகை தரும் யுவநிதிக்கான பதிவைக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா இன்று தொடங்கிவைத்தார். மாலையில் பெங்களூரு ஸ்ரீராமபுரம் படிப்பகத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் பிள்ளைகள் மார்க்ஸ் கார்டோடு காத்திருந்தார்கள். காங்கிரஸ் கொடுத்த ஐந்து வாக்குறுதிகளில் இதுதான் கடைசியாக வருவது. பெண்களுக்கு இலவச பஸ், 200 யூனிட் வரை மின்சாரம், அரிசி, குடும்பத் தலைவிக்கு 2,000 ரூபாய் எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டன.

நிபந்தனைகளைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டினேன். பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 1,500. அதிகபட்சம் 2 ஆண்டு, நடுவில் வேலை கிடைத்தால் அத்தோடு நின்றுவிடும். 2022-23 கல்வியாண்டில் தேறியிருக்க வேண்டும். தேறிய பிறகு 180 நாள் வேலை கிடைக்காமல் இருந்திருக்க வேண்டும். மேற்படிப்பில் சேர்ந்தவருக்கும், உதவித்தொகையோடு அப்ரண்டிஸாக இருப்பவருக்கும் கிடையாது.

எல்லோரும் படித்து முடித்த பிறகும் ஒரு பையன் பலகை முன்னாலேயே நின்றான். பையன் என்று சொல்லக் கூடாது, வயது 26. பி.காம். தேறியது 2019இல். அடுத்த வருடமே கொரோனா வந்தது. அதற்குப் பிறகு நிலையாக ஒரு வேலையும் அமையவில்லை. "ஆன்ட்டி, இவங்களுக்கு ஆறு மாசம். எனக்கு நாலு வருஷம். எனக்கு இல்லையா?" என்று கேட்டான். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. பிறகு மற்ற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்து உதவி செய்தான். கணினியில் என்னைவிட அவன் கை வேகம்.

29 டிசம்பர், வெள்ளி

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த பழக்கம் இப்போதுதான் உதவுகிறது. விண்ணப்பம் போடுவது எளிது. பணம் போய் விழ வேண்டிய கணக்கு எது என்பதில்தான் சிக்கல். ஆதாரோடு கணக்கு இணைந்திருந்தால் மட்டும் போதாது, எந்த வங்கிக்கு மானியம் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. பட்டியலிலும் ஏறியிருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கில் அது ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கு செத்துக் கிடக்கிறது. அவளை முதலில் அந்தக் கிளைக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்துக் கணக்கை எழுப்பிவிட்டு வரச் சொன்னேன்.

3 ஜனவரி 2024, புதன்

வாணியம்பாடியிலிருந்து அக்கா போன். அவள் பெரிய மகனுக்குத் தமிழ்நாட்டில் உதவித்தொகை வர ஆரம்பித்திருக்கிறது. அங்கே 2006 முதல் இந்தத் திட்டம் நடக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பத்தாவது தேறியவருக்கு 300, தேறாதவருக்கும் 200. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்த்துக் கணக்கில் போடுகிறார்கள், மூன்று ஆண்டு வரை. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு முடிந்திருக்க வேண்டும், பதிவை விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

போனை வைத்த பிறகு வெகு நேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு எல்லைக்கோடு. அந்தப் பக்கம் 5 ஆண்டு காத்திருந்தால்தான் வேலையில்லாதவர். இந்தப் பக்கம் 6 மாதம் போதும், ஆனால் ஒரே ஒரு வருடத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அங்கே பத்தாவது தேறாதவருக்கும் இடம் இருக்கிறது, தொகைதான் ஒரு வாரக் காய்கறிக்குக் காணாது. இங்கே தொகை கௌரவமானது, பட்டமோ டிப்ளமோவோ இல்லாதவர் வாசலுக்கே வர முடியாது. நம் படிப்பகத்து 2019 பி.காம். வாணியம்பாடியில் பிறந்து, தேறிய உடனே பதிந்திருந்தால் இந்த வருடம் 600 ரூபாய்க்குத் தகுதி பெற்றிருப்பான்.

12 ஜனவரி, வெள்ளி

விவேகானந்தர் பிறந்த நாளான இன்று சிவமொக்காவில் யுவநிதி வழங்கத் தொடங்கினார்கள். சாயங்காலம் ஒரு டிப்ளமோ பெண் கைபேசியை நீட்டினாள். கணக்கில் இன்னும் எதுவும் வரவில்லை, விழா படத்தைத்தான் காட்டினாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. அரசாங்கம் தன்னைப் பற்றி ஒரு மேடை போட்டுப் பேசுகிறது என்ற எண்ணம் இருபத்தொரு வயதில் சின்ன விஷயம் இல்லை. வீட்டில் எல்லோரும் "இன்னும் வேல கெடக்கலயா?" என்று கேட்கும்போது, இது உன் குற்றம் மட்டும் இல்லை என்று ஓர் அரசு சொல்வது எனக்கும் பிடித்திருக்கிறது. இதை இலவசம் என்று பழிப்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

15 ஜனவரி, திங்கள், பொங்கல்

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு அம்மா கரும்போடு வந்தாள். வயது 43. கார்மெண்ட்ஸில் பதினெட்டு வருடம் தையல் மெஷினில் இருந்தவள். நவம்பரில் ஆர்டர் இல்லை என்று அந்த யூனிட்டை மூடிவிட்டார்கள். போகும்போது எல்லோரிடமும் "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். வேறு யூனிட்டுகளுக்கு ஏறி இறங்கியிருக்கிறாள். முப்பத்தைந்து தாண்டியவர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

"புள்ளைங்களுக்கு ஏதோ பணம் வருதாமே, எங்களுக்கும் எதுனா இருக்குதாம்மா?" என்றாள். சம்பளச் சீட்டையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

18 ஜனவரி, வியாழன்

அவளுக்கு இருக்கிறது. இதை எழுதும்போதே கோபமாக வருகிறது, ஏனென்றால் பதினெட்டு வருடம் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கொடுத்தவளுக்கு இப்படி ஒன்று இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வேலை இழந்தவருக்கு ஆயுளில் ஒரு முறை 90 நாள் வரை நிவாரணம். 2018இல் தொடங்கியபோது சராசரி தினக் கூலியில் 25 சதவீதம், கொரோனா ஆண்டில் 50 சதவீதமாக்கினார்கள். வேலை போய் 30 நாள் ஆனால் கேட்கலாம். முன்பு முதலாளி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். இப்போது தொழிலாளி நேராகவே கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். அவள் சம்பளம் ஏறக்குறைய 12,000. ஒரு நாளைக்கு 400, பாதி 200, 90 நாளுக்கு 18,000 ரூபாய். வாடகையும் மகனின் பி.யு.சி. கட்டணமும் அதில் அடங்கிவிடும்.

இதற்கும் முன்னால் 2005இல் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவும் இருக்கிறது. ஆலை மூடலிலோ ஆட்குறைப்பிலோ வேலை போனால் முதல் ஓராண்டு பாதிக் கூலி, அடுத்த ஓராண்டு கால் பங்கு, கூடவே மருத்துவமும். மொத்தம் இரண்டு வருடம். எவ்வளவு யோசித்துச் செய்த திட்டம்! ஆனால் மூடல், ஆட்குறைப்பு என்று சட்டப்படி காகிதத்தில் இருக்க வேண்டும். இவள் காகிதத்தில் இருப்பது "சொந்தக் காரணம்".

அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதி வாங்கினார்கள் என்று அவளிடம் சொன்னேன். தலையைக் குனிந்து யோசித்தாள். பிறகு, "அன்னிக்கு பி.எஃப். விஷயத்துல ரோட்ல உக்காந்தமே, அப்ப மாதிரி எல்லாரும் ஒண்ணா நின்னிருந்தா எழுதிக் குடுத்திருக்க மாட்டோம்" என்றாள். 2016 ஏப்ரலைச் சொல்கிறாள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று விதி வந்தபோது, எந்தச் சங்கமும் கூப்பிடாமலே இந்த ஊர் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் ரோட்டிலும் தும்கூர் ரோட்டிலும் இறங்கினார்கள். மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் கூட்டத்தில் இருந்தவள் என் எதிரில் ஈ.எஸ்.ஐ. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அடல் திட்டத்துக்கு விண்ணப்பத்தைப் போட்டோம். தண்டனையாக நீக்கப்பட்டவருக்கும் ஓய்வு வயது அடைந்தவருக்கும் விருப்ப ஓய்வு வாங்கியவருக்கும் கிடையாது என்கிறது விதி. அந்தக் கடிதத்தை விருப்ப ஓய்வு என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக, யூனிட் மூடப்பட்ட தேதியையும் அன்று அங்கே வேலை செய்த மற்றப் பெண்களின் கையெழுத்தையும் சேர்த்து ஒரு கடிதம் இணைத்தோம்.

25 ஜனவரி, வியாழன், தைப்பூசம்

கோவிலுக்குப் போய்விட்டு நேராகப் படிப்பகம். யுவநிதி வாங்குபவர்கள் மாதாமாதம் 25ஆம் தேதிக்குள் "நான் இன்னும் வேலையில் இல்லை" என்று சேவா சிந்து இணையதளத்தில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த மாதப் பணம் வராது. பொய் சொன்னால் தண்டனை.

ஒரு பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். சனி, ஞாயிறு மட்டும் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வாரத்துக்கு எழுநூறு, எண்ணூறு வரும். அது வேலையா, வேலை இல்லையா? பயத்தில் அவனுக்குத் தூக்கம் வரவில்லையாம். அதை விட்டுவிடட்டுமா என்கிறான்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், நடப்பு வாரக் கணக்கின்படி, கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். அந்தக் கணக்கில் இவன் வேலையில்லாதவன் அல்ல. வீட்டிலோ, தெருவிலோ, தன் மனசிலோ இவனுக்கு வேலை இல்லை. வேலையை விடாதே, தாலுகா அதிகாரியிடம் எழுத்தில் கேட்போம் என்று சொல்லியிருக்கிறேன். உதவி வாங்குபவன் கையில் இருக்கும் சின்னச் சம்பாத்தியத்தையும் பயந்து கைவிடும்படி ஒரு விதி இருக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை சம்பாதிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும்.

4 பிப்ரவரி, ஞாயிறு

நேற்றிரவு முழுக்க மரியன்தால் புத்தகம். கல்லூரியில் சமூகவியல் சொல்லித்தரும் சிநேகிதி கொடுத்தது. மரி யஹோதா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆராய்ச்சியாளர்கள் 1933இல் வெளியிட்டது. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு மில் கிராமம். 478 குடும்பம். மில் மூடிய பிறகு ஏறக்குறைய ஊருக்கே வேலை இல்லை.

வேலை போனால் நேரம் கிடைக்கும், ஜனங்கள் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள் என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். இரவல் போன புத்தகங்களோ பாதியாகக் குறைந்துவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் ஜன்னலோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் நடையை அளந்திருக்கிறார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை போகவில்லை, அவர்கள் நடை குறையவில்லை. நாளெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டால் ஆண்களால் இரண்டு மூன்று விஷயத்துக்கு மேல் சொல்ல முடியவில்லை.

எங்கள் அப்பா பின்னி மில்லில் இருந்தார். மில் தேய்ந்த நாட்களில் ஸ்ரீராமபுரம் தெருமுனைகளில் அப்பாவின் சிநேகிதர்கள் நின்ற நிலை எனக்கு நன்றாகத் தெரியும். பேச்சுகூட இருக்காது. அதை யாராவது ஒருவர் உட்கார்ந்து அளந்து எழுதியிருந்தால் இந்தப் புத்தகம் மாதிரியே இருந்திருக்கும்.

சிநேகிதி இன்னொரு செய்தியும் சொன்னாள். 2020இல் அதே இடத்தில், இப்போதைய கிராமட்நொய்சிடல் ஊரில், கீழ் ஆஸ்திரியாவின் வேலைவாய்ப்புத் துறை ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையில்லாத எல்லோருக்கும், கட்டாயம் இல்லாமல், சம்பளத்தோடு ஒரு வேலை உறுதி. முதலில் இரண்டு மாதம் தயார்ப்படுத்துவார்கள். பிறகு தனியார் இடத்தில் அரசு மானியத்தோடு வேலை, அல்லது தோட்டம், தச்சு, பழுதுபார்ப்பு என்று ஊருக்குத் தேவையான வேலை. ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர்கள் அதை மதிப்பிட்டார்கள். வருமானம் கூடியதோடு, நாளுக்கு ஒரு ஒழுங்கும் நான்கு பேரோடு பழக்கமும் திரும்பியிருக்கின்றன. நெடுநாள் வேலையின்மை அந்த ஊரில் ஏறக்குறைய இல்லாமலே போனது. பிரான்சிலும் 2016இல் ஒரு சட்டம் போட்டுப் பத்து வட்டாரங்களில் இதே எண்ணத்தோடு தொடங்கினார்கள்.

காலையில் இதை 2019 பி.காம்.முக்குச் சொன்னேன். "நாலு வருஷம் ஆனா அங்க முதல் ஆளா கூப்பிடுவாங்களா ஆன்ட்டி?" என்றான். ஆமாம் என்றேன். யாருக்கு ரொம்ப நாளாக வேலை இல்லையோ அவரிடமிருந்து தொடங்குவது அந்தத் திட்டம். நம்முடையது புதிதாக வந்தவரிடமிருந்து தொடங்குகிறது.

10 பிப்ரவரி, சனி

வெளிநாட்டுக்கு ஏன் போக வேண்டும். இதே பெங்களூருவில், அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில், 2019இல் ஒரு திட்டத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். சிறு, நடுத்தர நகரங்களுக்கான வேலை உறுதி: தினம் 500 ரூபாய் வீதம் 100 நாள். படித்த இளைஞருக்கு 150 நாள் தொடர்ந்து அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பயிற்சி வேலை, மாதம் 13,000 ரூபாய். ஏரி, வாய்க்கால், மரம், கணக்கெடுப்பு, முதியோர் பராமரிப்பு என்று வேலைகளின் பட்டியலும் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கைதான் 25 வயதுக்குக் கீழே உள்ள பட்டதாரிகளில் 42 சதவீதம் பேருக்கு வேலை இல்லை என்று சொன்னது.

கிராமத்துக்கு நூறு நாள் வேலைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. அதற்கு விதை 1972 பஞ்சத்தில் மகாராஷ்டிரம் தொடங்கிய வேலை உறுதித் திட்டம். நகரத்துக்கு அப்படி ஒரு தேசியச் சட்டம் இன்றுவரை இல்லை. கேரளம் 2010இல் அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதி கொண்டுவந்தது. ராஜஸ்தான் 2022இல் கொண்டுவந்தது, தமிழ்நாடும் அதே சமயத்தில் சிறிய அளவில் முயன்றது. கர்நாடகத்தால் முடியாதா?

16 பிப்ரவரி, வெள்ளி

பட்ஜெட். மொத்தம் 3.71 லட்சம் கோடி, ஐந்து வாக்குறுதிகளுக்கு மட்டும் 52,000 கோடி. நகர வேலை உறுதி என்று ஒரு வரி வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வரவில்லை.

தையல்கார அம்மாவின் விண்ணப்பத்துக்கும் பதில் இல்லை.

26 பிப்ரவரி, திங்கள்

அரண்மனை மைதானத்தில் மாநில அரசின் வேலைவாய்ப்பு முகாம், யுவ சம்ருத்தி சம்மேளனம். இன்றும் நாளையும். யுவநிதிப் பிள்ளைகளோடு 2019 பி.காம்.மும் வந்தான், தையல்கார அம்மாவும் வந்தாள். மைதானம் கொள்ளாத கூட்டம். கலபுரகியிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்த பிள்ளைகள் பையைத் தலைக்கு வைத்து மர நிழலில் படுத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் இந்த மாநிலத்தில் வேலை வேண்டாம் என்பவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

நம் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இரண்டாவது சுற்றுக்கு அழைப்பு. பி.காம்.மிடம் ஒரு நிறுவனத்தார், "2019லேர்ந்து இப்ப வரைக்கும் என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். கொரோனாவில் அப்பாவுக்கு மூச்சு வாங்கிய காலம், மருந்துக் கடையில் பில் போட்ட காலம், வங்கித் தேர்வு எழுதிய காலம் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாக வராது என்று அவனுக்குத் தெரியும். தேர்வு எழுதினேன் என்று மட்டும் சொன்னானாம். மூன்று மாதம் ஓர் இடத்தில் வேலை செய்தேன் என்று காட்ட ஒரு காகிதம் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. நகர வேலை உறுதி வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கூலியைவிடவும் அந்தச் சான்றுக் காகிதம் அவனுக்கு அவசரம்.

28 பிப்ரவரி, புதன்

எங்கள் அபார்ட்மெண்ட் காவலாளி இன்று கறுப்புப் பட்டை குத்தியிருந்தார். மாரிக்குப்பத்துக்காரர். 2001இல் இதே தேதியில்தான் கோலார் தங்கவயலை மூடினார்கள். அவருடைய அப்பா, தாத்தா இருவரும் சாம்பியன் ரீஃபில் இறங்கியவர்கள், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம். பெங்களூர் தெருவிளக்குகளுக்கு முன்பே, 1902இல், சிவனசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் போய்விட்டது. வட ஆற்காட்டிலிருந்து போன நம் ஜனங்கள் நான்கு தலைமுறை உழைத்த ஊர்.

மூடியபோது இவருக்கு 19 வயது. அன்றிலிருந்து தினம் ரயிலில் இங்கே வருகிறார். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் அந்த ரயில்களில். "அப்பா அதுக்கப்பறம் வேலைக்கே போகல மேடம். வீட்ல உக்காந்தாரு, அவ்வளவுதான்" என்றார்.

பொதுத்துறை மூடும்போது தொழிலாளிக்கு மறுபயிற்சி கொடுக்க வேண்டும் என்று யாரும் யோசிக்காமல் இல்லை. 1992இல் தேசியப் புதுப்பிப்பு நிதி அதற்காகவே வந்தது. அதில் பெரும்பகுதி விருப்ப ஓய்வுத் தொகைக்கே போனது, மறுபயிற்சிக்கு மிஞ்சியது சொற்பம். 2001-02இல் ஆலோசனை, மறுபயிற்சி, மறுவேலை என்று மூன்று பெயரையும் சேர்த்து இன்னொரு திட்டம் போட்டார்கள். முதல் இரண்டும் நடக்கும், மூன்றாவதற்கு ஒரு வேலை இருந்தாக வேண்டும். சுரங்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் எதைக் கற்றுக்கொடுத்தாலும் அந்த வேலை ரயில் ஏறித்தான் போக வேண்டியிருக்கும்.

2 மார்ச், சனி

தையல்கார அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் வந்துவிட்டது. காலையிலேயே பாஸ்புக்கோடு ஓடிவந்தாள். கூட வேலை செய்த மற்றப் பெண்களையும் நாளை கூட்டிவருகிறாள். இந்தத் திட்டம் ஜூன் மாதத்தோடு முடிகிறது என்று இருப்பதால் அவசரம்.

மாலையில் எல்லோரும் உட்கார்ந்து எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் தொழிலாளர் துறைக்கும் கன்னடத்தில் ஒரு மனு எழுதினோம். பி.காம். எழுதினான், நான் திருத்தினேன். யுவநிதியை 2022-23க்கு முன்னால் தேறியவர்களுக்கும், மூன்று ஆண்டுக்கு மேல் வேலையில்லாதவர் முதலில் வரும்படி, விரிவாக்க வேண்டும். மாதம் ஒரு அளவு வரையிலான சில்லறைச் சம்பாத்தியத்தை உறுதிமொழியில் குற்றமாக்கக் கூடாது. கார்மெண்ட்ஸ் யூனிட் மூடும்போது தொழிலாளர் துறை ஆள் ஒருவர் முன்னிலையில்தான் விலகல் கடிதம் வாங்க வேண்டும், அன்றே ஈ.எஸ்.ஐ. நிவாரணப் படிவமும் கொடுக்க வேண்டும். பெங்களூருவின் ஒரு வார்டிலாவது 100 நாள் நகர வேலையைச் சோதித்துப் பார்க்க வேண்டும், அது எங்கள் வார்டாக இருக்கட்டும். செய்ய வேண்டிய வேலைகளைத் தையல்கார அம்மா சொல்லச் சொல்ல எழுதினான்: அங்கன்வாடிக்குச் சுவர், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பது, மழைநீர் வாய்க்கால், தனியாக இருக்கும் கிழவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது, ஆதார் கணக்குச் சிக்கலைத் தீர்க்க இந்த மாதிரி ஒரு மேசை.

காவலாளி தன் பெயரையும் போடச் சொன்னார். ஊர் எதை எழுதுவது என்று பி.காம். கேட்டான். இரண்டையும் எழுது என்றார். திங்கள்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.